கோட்டு போட்ட பறை

மார்கழியில் சென்னை சபாக்களில் கச்சேரி களைகட்டும். அதே மார்கழியில், 2018 ஜனவரி 6 அன்று, கீழ்ப்பாக்கத்தில் 19 பேர் கோட்டு சூட்டோடு மேடை ஏறினார்கள். கிடார் இருந்தது, டிரம்ஸ் இருந்தது, பக்கத்திலேயே பறையும் சட்டியும் இருந்தன. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் அரங்கேற்றம் அது. ‘சாதிபேதமற்ற’ என்று அயோத்திதாசப் பண்டிதர் புழங்கிய சொல்லிலிருந்து எடுத்த பெயர்.

பெயர் என்பது எங்க மாவட்டத்தில் லேசான சமாச்சாரம் இல்லை. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு எங்க கவர்னகிரி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்ததற்கே தென் மாவட்டங்கள் எரிந்தன. முடிவில் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு எடுத்துவிட்டது. பெயர்ப்பலகையில் பெயிண்ட் அடித்தார்கள், சாதி அப்படியே இருந்தது. இந்தக் குழு வேறு வழி போகிறது. இடஒதுக்கீட்டைப் பாடுகிறது, மாட்டுக்கறியைப் பாடுகிறது, ஜெய்பீம் என்கிறது. சாதியை வாய்விட்டுச் சொல்லாமல் ‘சாதியற்ற’ என்று பேசுகிறவர்களை நாம நிறையப் பார்த்தாச்சு தோழர்களே.

பறையை அடிப்பதா, உடைப்பதா என்பது நம்மிடையே தீராத வழக்கு. 90களில் மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு போன்றவர்கள் நாட்டுப்புற இசையை விடுதலைக் கருவியாக்கப் பாடுபட்டார்கள். அதே காலத்தில், எழவுக்கு மேளம் அடிக்க வரமாட்டோம்னு சொன்னதுக்காக அடிபட்ட சனங்களும் உண்டு. எங்க தாத்தா சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அடித்தவர். அப்பா குச்சியைத் தொடவே இல்லை. துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார். எங்க வீட்டுக்கு விடுதலை வந்தது அந்த மறுப்பில்தான்.

ஆகவே இந்தக் குழுவின் பறையை நான் சும்மா ரசிக்க முடியாது. கிடாரோடு பறையைச் சேர்த்ததைப் பெரிய புதுமை என்றார்கள். இளையராஜா காலத்திலிருந்து சினிமாவில் மேலைக் கருவிகளும் நம்ம தோல்கருவிகளும் கலந்துதான் கிடக்கின்றன. புதுசு என்னவென்றால், அடிக்கிறவன் உடம்பில் கோட்டு இருக்கிறது. அவனை யாரும் ஆள் விட்டுக் கூப்பிடவில்லை. எந்தச் சாவுக்கு அழுவது, எதைக் கிண்டல் பண்ணுவது என்று அவனே முடிவு செய்கிறான். கானாவுக்கும் அதே கதைதான். வடசென்னை எழவு வீட்டில் விடிய விடியப் பாடியவர்களின் குரல் இங்கே பிணம் இல்லாமல் எழும்புகிறது.

இசையாகக் கேட்டால் குறை உண்டு. டிரம்ஸ் வேகமெடுக்கும்போது பல இடங்களில் சட்டியை மூடிவிடுகிறது. மெல்லிய குச்சி தோலில் பட்டு மீளும் அந்தச் சின்ன இடைவெளி ராக்கின் இரைச்சலில் காணாமல் போகிறது. அறிவின் வேகத்துக்குச் சொல் பிடிபடவே இரண்டு தடவை கேட்கணும். பேச்சும் முழுக்கச் சென்னைப் பேச்சு. உப்பளத்து அக்காக்களுக்கு செல்போனில் போட்டுக் காட்டினேன். தாளத்துக்குத் தலை ஆடியது, சொல் பாதி போய்ச் சேரவில்லை.

இன்னொரு குறை பெரியது. ஆண்கள் நிறைந்த அந்த மேடையில் இசைவாணி ஒருத்திதான் பெண். கானா ஆண்களின் கோட்டையாக இருந்ததை அவர் உடைத்தார். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலிலும் வந்தார். சந்தோஷம்தான். ஆனா எழவு வீட்டில் நெஞ்சிலடித்துப் பாட்டுக் கட்டுகிறவர்கள் பூராவும் பெண்கள். அந்த ஒப்பாரிக்கு அரங்கேற்றத்திலேயே நடு இடம் கொடுத்திருக்கணும்.

பிறகு 2021இல் அறிவின் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் வாழ்க்கையிலிருந்து எடுத்த பாட்டு. அப்படித் தோட்டத்துக்குப் போன கூலி சனங்களில் ஏராளமானோர் ஒரு காலத்தில் எங்க தட்டப்பாறை முகாமில் அடைபட்டுக் கிடந்து, தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போனார்கள். 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட்டை எதிர்த்துப் போனவர்கள் சுடப்பட்டு, 13 பேர் செத்ததும் இந்த ஊரில்தான். இதையெல்லாம் பாட எங்க பேச்சில் ஒரு குழு வேணும்னு உப்பளத்து அக்கா ஒருத்தியிடம் சொன்னேன். நல்லா ஒப்பாரி கட்டுகிறவள். உப்பு வாரிக்கொண்டே சொன்னாள்: “நாங்களும் பாடலாம்லா. ஆனா எழவு வீட்டுக்கு வெளிய எங்கள யாரு கூப்பிடுதா?”