மகுடம் இறங்கிய பிறகு

உலக அழகிப் போட்டி 1951இல் லண்டனில் தொடங்கியது. 1972இல் அதன் நடத்துநர்கள் அழகோடு சமூகத் தொண்டையும் சேர்த்துக்கொண்டார்கள். பட்டம் வென்றவர் ஓராண்டு காலம் நன்கொடை திரட்டுவதும் மருத்துவமனைகளுக்குப் போய்வருவதும் வழக்கமாயிற்று. அந்த ஓராண்டுக்குப் பிறகு கலையுலகிலும் பொதுப்பணியிலும் நிலைத்தவர்கள் எப்படி நிலைத்தார்கள் என்பதைப் பார்ப்போம்.

தமிழ்த் திரையுலகம் அழகிகளை ஆர்வத்தோடு வரவேற்றது. 1994இன் உலக அழகி ஐஸ்வர்யா ராய்க்கு முதல் படம் 'இருவர்' (1997). 2000இன் உலக அழகி பிரியங்கா சோப்ராவுக்கு 'தமிழன்' (2002). தமிழ் தெரியாதவர்களுக்கு இரவல் குரல் தயாராக இருந்தது. ஆனால் மகுடம் வாங்கித் தந்தது முதல் வாய்ப்பை மட்டும்தான். 1999இல் 'மிஸ் மெட்ராஸ்' ஆன திரிஷா இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாயகியாக நடிக்கிறார். அந்தப் பட்டம் இன்று பலருக்கு நினைவில்கூட இல்லை. 2018இல் இந்திய அழகியான திருச்சியின் அனுகீர்த்தி வாஸ், 2022இல்தான் 'டிஎஸ்பி' படத்தில் திரைக்கு வந்தார்.

ஆனால் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில் வளரும் தமிழ்ப் பெண்ணுக்கு இந்தப் பாதை அவ்வளவு எளிதாகத் திறப்பதில்லை. மின்னல் எஃப்எம் வானொலியும் ஆஸ்ட்ரோ வானவில் தொலைக்காட்சியும் 300 கிலோமீட்டருக்கு அப்பால் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. நீரிணைக்கு அக்கரையில் சிங்கப்பூரின் வசந்தம் தொலைக்காட்சி இருக்கிறது. மலேசியத் தமிழ்ப் படங்களுக்குச் சந்தை சிறியது. எனவே இங்கே பட்டம் வென்ற பலரும் விளம்பரம், நிகழ்ச்சி நெறியாள்கை, ஆங்கிலத் தொலைக்காட்சி என்று பிரிந்துபோகிறார்கள்.

ஈப்போவில் பிறந்து 1983இல் மலேசிய அழகியான மிச்செல் யோ ஹாங்காங் போய், 1985இல் 'யெஸ், மேடம்' படத்தில் சண்டை நாயகியானார்; 2023இல் ஆஸ்கர் வென்றார். அவருடைய பொதுப்பணி சாலைப் பாதுகாப்பில் வேரூன்றியது. 2015 ஏப்ரலில் நேபாளம் நிலநடுக்கத்தில் குலுங்கியபோது அவர் அங்கேதான் இருந்தார். மறு ஆண்டு ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் நல்லெண்ணத் தூதரானார். ஆஸ்கர் வாங்கிய கையோடு, பேரிடரில் பெண்கள் படும் பாட்டைப் பற்றி நாளிதழில் எழுதினார். நேரில் கண்டவர் என்பதால் அந்த எழுத்துக்குக் கனம் இருந்தது.

யூனிசெஃபுக்காக 2016இல் உலகத் தூதரான பிரியங்காவும், 2017இல் குழந்தைகள் உரிமைக்குக் குரல் கொடுக்க முன்வந்த திரிஷாவும் தந்தது முகமும் புகழும். அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. தடுப்பூசி பற்றியோ குழந்தைத் திருமணம் பற்றியோ அதிகாரி பேசினால் கேட்காத கூட்டம் நடிகை பேசினால் கேட்கிறது. ஆனால் புகழ் மங்கினால் கூட்டமும் கலைந்துவிடும்.

இந்தியத் தந்தைக்கும் ஐரிஷ் தாய்க்கும் பிறந்த டெபோரா ஹென்றியின் வழி வேறு. 2007இல் உலக அழகிப் போட்டிக்கு மலேசியாவிலிருந்து போனவர். மாடல், தொலைக்காட்சி நெறியாளர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையொப்பமிடவில்லை. அதனால் அகதிக் குழந்தைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை. அந்தக் குறையைக் கண்டு, சோமாலியக் குழந்தைகளுக்காக 2009இல் கோலாலம்பூரில் ஃபியூஜி பள்ளியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். மலேசியப் பிரபஞ்ச அழகிப் பட்டத்தை அவர் வென்றது 2011இல். போட்டிக்காகத் தொண்டு தேடும் வழக்கம் இங்கே தலைகீழானது. பள்ளி முன்பே நடந்துகொண்டிருந்தது. இரண்டாவது மகுடம் அதற்கு விளம்பரமாக வந்து சேர்ந்தது.

பள்ளி என்றால் வாடகை, ஆசிரியர் சம்பளம், பாடநூல், மாதா மாதம் நிதி. இவை கேமராவுக்கு ஏற்ற காட்சிகள் அல்ல. டெபோராவின் பணி நீடித்ததற்குக் காரணம், அது அவருடைய முகத்தை மட்டும் நம்பியிராத அமைப்பாக வளர்ந்ததுதான்.

மேடையில் நடுவர்கள் வழக்கமாகக் கேட்பது, 'வென்றால் சமுதாயத்துக்கு என்ன செய்வீர்கள்?' என்றுதான். பதிலை மனப்பாடம் செய்துகொண்டு வரலாம். 'இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள், உங்களுக்குப் பிறகு அதை யார் நடத்துவார்?' என்று கேட்டால் மனப்பாடம் உதவாது. ஜொகூரில் அழகிப் போட்டி நடத்துபவர்கள் இந்தக் கேள்விக்கும் மதிப்பெண் ஒதுக்கலாம்.