வாடகை வீட்டில் ஒரு ரெசின் பிரிண்டர்

மினியேச்சர் விளையாட்டில் ஊறியவர்களுக்கு வருமானம் குறையும்போது முதலில் தோன்றும் யோசனை ஒன்று உண்டு. இனிப் பெட்டி வாங்குவதை நிறுத்திவிட்டு, உருவங்களை நாமே அச்சிட்டுக்கொள்ளலாமே என்பதுதான் அது. ஓ.எம்.ஆரில் பார்த்த மாதச் சம்பள வேலையை விட்டு ஒப்பந்த வேலைக்கு வந்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சேலையூரில் இருந்த இரண்டு படுக்கையறை வீட்டைக் காலிசெய்துவிட்டுப் பெருங்களத்தூரில் சின்ன வீடு பார்த்துக்கொண்டிருந்த சமயம். அப்போது வாங்கியது எலிகூ மார்ஸ் 3 என்ற ரெசின் பிரிண்டர். பழகிப் பார்த்தபின் என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது பணத்தை நிச்சயம் மிச்சப்படுத்தும், ஆனால் வீட்டில் இடம் கேட்கும். வாங்க நினைப்பவர் வங்கிக் கணக்கைப் பார்ப்பதற்கு முன் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்குச் சில வரிகள். ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும் உயரமுள்ள போர்வீரர்களையும் மந்திரவாதிகளையும் நாமே ஒட்டி, வண்ணம் தீட்டி, மேசைமேல் அமைத்த இடிபாடுகளுக்கும் மரங்களுக்கும் நடுவே அளவு நாடா வைத்து நகர்த்தி, பகடை உருட்டி ஆடுவது. எச்.ஜி.வெல்ஸ் 1913இலேயே ‘லிட்டில் வார்ஸ்’ என்று இதற்கொரு விதிப் புத்தகம் எழுதினார். இன்று இதில் பெரிய பெயர், இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1987இல் கொண்டுவந்த ‘வார்ஹாமர் 40,000’. பத்துப் பேர் கொண்ட ஒரு பெட்டி நம் கைக்கு வந்து சேரும்போது சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். ஒரு முழுப் படைக்கு அப்படிப் பல பெட்டிகள் வேண்டும். பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆனது. அளவு குறைத்த மாதிரிகளும் அதே சுங்கத் தலைப்பில்தான் வருகின்றன. நிலையான சம்பளம் இருக்கும்வரை இதெல்லாம் கண்ணில் படாது. சம்பளத் தேதி என்று ஒன்று இல்லாமல் போனபின் ஒவ்வொரு பெட்டியும் ஒரு மாத மளிகையாகத் தெரியும்.

மார்ஸ் 3, 2021இல் வந்த மாடல். 6.6 அங்குல மோனோ எல்சிடி திரை, 4கே தெளிவு, திரையின் ஒரு புள்ளி 35 மைக்ரான். அச்சிடும் பரப்பு ஏறக்குறைய 143க்கு 90 மில்லிமீட்டர், உயரம் 175 மில்லிமீட்டர். இப்போது 9கே திரையும் 18 மைக்ரான் புள்ளியும் கொண்ட பிரிண்டர்கள் வந்துவிட்டதால் இது பழைய மாடல். அதனாலேயே வெளிநாடு கிளம்பிய ஒருவரிடமிருந்து ரூ.11,000க்கு எனக்குக் கிடைத்தது. ப்ரைமர் பூசி, வண்ணமும் தீட்டி, கைநீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தால் 35 மைக்ரானுக்கும் 18 மைக்ரானுக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மேசையில் ஆடுவதற்கு என்றால் புதிய மாடலுக்கு அதிகம் கொடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். அலமாரியில் வைத்து அருகில் பார்த்து ரசிப்பதற்குப் பெரிய மார்பளவுச் சிலைகள் செய்பவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம்.

இயங்கும் விதம் எளிமையானது, அழகானதும்கூட. ஒரு தட்டில் திரவ ரெசின். தட்டின் அடிப்பாகம் ஒளி புகும் மெல்லிய ஃபிலிம். அதன்கீழே திரை, திரைக்குக் கீழே 405 நானோமீட்டர் ஒளி. திரை எங்கே ஒளியை விடுகிறதோ அங்கே மட்டும் ரெசின் இறுகும். இறுகிய அடுக்கோடு மேல்தளம் சற்று ஏறி இறங்கும். அடுத்த அடுக்கு தொடங்கும். ஓர் அடுக்கு 0.05 மில்லிமீட்டர். அச்சாகும்போது உருவத்தைப் பிடித்து நிற்கும் தாங்கிகளையும் சேர்த்து 40 மில்லிமீட்டர் உயரம் வரும் ஒரு வீரனுக்கு 800 அடுக்குகள். அடுக்குக்கு எட்டு நொடி வைத்தால் ஒன்றே முக்கால் மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். ஒருவனை நிறுத்தினாலும் எட்டுப் பேரை நிறுத்தினாலும் நேரம் அதேதான், ஏனென்றால் ஓர் அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் ஒளி வாங்குகிறது. இரவுச் சாப்பாட்டுக்குமுன் ஓடவிட்டால் படுக்கப் போகுமுன் ஒரு அணி தயார்.

இனிச் செலவு. ஒரு கிலோ ரெசின் எனக்கு ரூ.2,000 ஆகிறது. ஓர் உருவத்துக்குத் தாங்கிகளோடு ஏழெட்டு மில்லி என்று வைத்தால் ஒரு பாட்டிலில் நூறு பேருக்கு மேல் வருவார்கள். ஆளுக்கு இருபது ரூபாய்க்குள். கணக்கு இதோடு முடிவதில்லை. அச்சான உருவத்தைக் கழுவ ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஐந்து லிட்டர், ரூ.1,200. நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி, ரூ.600. தேய்ந்தால் மாற்ற ஃபிலிம், வடிகட்டிகள், முகக்கவசம், நிறையப் பழைய துணி. கழுவுவதற்கென்று விற்கும் இயந்திரத்தை வாங்கவில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மூடி இறுக்கமாக உள்ள இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கினேன். முதல் டப்பாவில் அழுக்குக் கழுவல், இரண்டாவதில் சுத்தக் கழுவல். எல்லாம் சேர்த்துத் தொடக்கச் செலவு ரூ.17,000க்குள் நின்றது. மின்சாரம் ஒரு பொருட்டே அல்ல. ஒரு முறை ஓட்டினால் பத்தில் ஒரு யூனிட் அளவுக்குத்தான் ஆகும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் இருக்கும் ஊரில் அதைக் கணக்கெடுக்கவே வேண்டாம். மின்வெட்டுதான் தொல்லை. இந்த வகையில் பெரும்பாலான பிரிண்டர்கள் நின்ற இடத்திலிருந்து தொடராது. இன்வெர்ட்டர் இணைப்பில் போடுவது நல்லது.

ஒப்பந்த வேலைக்காரனுக்கு இதிலுள்ள பெரிய வசதி, செலவைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, வேண்டியபோது நிறுத்தவும் முடிவது. பில் வராத மாதத்தில் புதிய பாட்டில் வாங்காமல் இருக்கலாம். அதற்காக விளையாட்டு நிற்காது. பெட்டி வாங்கும் முறையில் இது முடியாது. அங்கே கால் பெட்டி என்று ஒன்று இல்லை.

பணம் ஓசையில்லாமல் ஒழுகும் இடம் வேறு. உருவங்களை அச்சிடத் தேவையான எஸ்டிஎல் கணினிக் கோப்புகளை, அவற்றை வடிக்கும் சிற்பிகள் மாதச் சந்தா முறையில் விற்கிறார்கள். மாதம் சில நூறு ரூபாய்தானே என்று இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்துவிட்டால், வருடக் கடைசியில் அச்சிடாத நூற்றுக்கணக்கான கோப்புகளும் ஒரு நல்ல தொகைக்கான வரவுச்சீட்டுகளும் மிஞ்சும். சந்தா எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஆட்டத்துக்குத் தேவையான கோப்பை மட்டும் அந்தச் சிற்பியிடமே ஒற்றையாக வாங்குங்கள். மை மினி ஃபேக்டரி போன்ற தளங்களில் சிற்பிகளே இலவசமாகக் கொடுத்திருப்பவையும் ஏராளம். விற்பனைப் பெட்டிகளை ஸ்கேன் செய்து எடுத்த திருட்டுக் கோப்புகளும் சுற்றுகின்றன. அவற்றைத் தொட வேண்டாம். கைவேலையின் மதிப்பு தெரிந்தவர்கள் இருக்கும் விளையாட்டு இது.

எந்த விளையாட்டை ஆடுகிறோம் என்பது பிரிண்டரைவிடப் பெரிய பட்ஜெட் முடிவு. 2015இல் வந்த ‘ஃப்ராஸ்ட்கிரேவ்’ ஆட்டத்துக்கு ஒரு ஆளுக்குப் பத்து உருவங்கள் போதும். எந்த நிறுவனத்தின் உருவமாகவும் இருக்கலாம். ‘ஒன் பேஜ் ரூல்ஸ்’ தன் அடிப்படை விதிகளை இலவசமாகவே தருகிறது, அதற்கும் எந்த உருவமும் ஆகும். பத்துப் பேரைப் பொறுமையாக, முகத்துக்கு நிழல் கொடுத்து, அங்கியில் மடிப்பு காட்டித் தீட்டி முடித்தால் கிடைக்கும் நிறைவு, நூறு பேரைச் சாம்பல் நிறத்தில் டப்பாவில் போட்டுவைத்தால் கிடைக்காது. பிரிண்டர் வந்ததும் வரும் முதல் ஆபத்தே இந்தச் சாம்பல் குவியல்தான். அச்சிடுவது தூரிகையைவிட வேகமானது. நம் வீடுகளில் கொலுவுக்கு ஆண்டுதோறும் ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்க வேண்டும் என்பார்கள். அதை ஒரு செலவுக் கட்டுப்பாடாகவும் பார்க்கிறேன்: புதியது வரும், ஆனால் அளவாக வரும், படியில் அதற்கென ஓர் இடம் இருக்கும். ஒரு முறை அச்சிட்டவர்களுக்கு வண்ணம் முடியாமல் அடுத்த முறை ஓட்டுவதில்லை என்று நான் வைத்திருக்கும் விதி அங்கிருந்து வந்ததுதான். நவராத்திரியில் கொலுவுக்கு முன்னால் மணல் பரப்பி அமைக்கும் பூங்காவுக்கு வேலிகளும் கிணறும் சிறு பாலமும் இதே பிரிண்டரில்தான் எடுத்தோம். வீட்டில் எல்லோரும் அதை மனமார ஏற்றுக்கொண்டது அன்றுதான்.

தென்சென்னைத் தட்பவெப்பம் இந்த இயந்திரத்துக்கு ஒரு வரம். ரெசினுக்குப் பிடித்த வெப்பநிலை 25 முதல் 30 டிகிரி. குளிர் நாடுகளில் ரெசினைச் சூடாக்கத் தனிக் கருவி வைக்கிறார்கள். நமக்கு அது தேவையில்லை. கழுவிய உருவத்தை முழுமையாக இறுக வைக்க அவர்கள் புற ஊதா விளக்குப் பெட்டி வாங்குகிறார்கள். இங்கே மே மாத மொட்டைமாடியில் சில நிமிடங்கள் திருப்பித் திருப்பி வைத்தாலே போதும். அதிகம் விட்டால் வாள்முனை மொரமொரவென்று உடையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வசதி போய்விடும். அப்போது நகப்பூச்சு உலர்த்தும் சிறிய புற ஊதா விளக்கு கைகொடுக்கும். ஸ்ப்ரே ப்ரைமரையும் மழைக்காலத்தில் எடுக்காதீர்கள். காற்றின் ஈரத்தில் பூச்சு வெளுத்துப் போகும். தூரிகையால் பூசும் ப்ரைமர் நேரம் எடுத்தாலும் பாதுகாப்பு.

வெயிலுக்கு மறுபக்கமும் உண்டு. எங்கள் வீட்டில் துவைக்கும் இயந்திரம் நிற்கும் சின்ன பால்கனிதான் இதற்குக் காற்றோட்டமான ஒரே இடம், காலையில் அங்கே நேர்வெயில் அடிக்கும். தட்டிலுள்ள ரெசினையே அது இறுக்கிவிடும் என்பதால் கனமான தார்ப்பாய்த் திரை கட்டினோம். சமையலறையிலோ படுக்கையறையிலோ இந்த இயந்திரத்தை வைக்கவே கூடாது. இறுகாத ரெசினின் ஆவி தலைவலி தரும். தோலில் மீண்டும் மீண்டும் பட்டால் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறு துளிக்கும் தோல் தடிக்கும். ஒரே அறை வீட்டில் இருப்பவர்களுக்கும், வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருப்பவர்களுக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வேலை மாற்றத்துக்கு இந்த இயந்திரம் துணை நிற்கும், குழந்தை வரும் மாற்றத்துக்கு நிற்காது.

கழிவைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கழுவிய ஆல்கஹாலையோ, தண்ணீரில் கழுவும் வகை ரெசினின் கழுநீரையோ ஒருபோதும் தொட்டியில் ஊற்றாதீர்கள். இறுகாத ரெசின் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. நம் பகுதியில் சாக்கடைக்கும் மழைநீர் வடிகாலுக்கும் இடையே கோடு கிழிப்பது கடினம். சிட்லப்பாக்கம் ஏரியின் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அது ஏரி ஏரியாக இறங்கி 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்கிறது. கண்ணாடி ஜாடியில் ஊற்றி வெயிலில் வைத்தால் ரெசின் துகள்கள் இறுகி அடியில் படியும். மேலே தெளிந்த ஆல்கஹாலை வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம். படிந்ததை முழுவதும் இறுகக் காயவைத்த பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும். இதனால் ஆல்கஹால் செலவும் பாதியாகக் குறைகிறது.

பழைய இயந்திரம் வாங்குபவர்கள் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, திரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பது. மோனோ திரைக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் ஆயுள் சுமார் 2,000 மணி நேரம். தட்டில்லாமல் திரையை மட்டும் எரியவிட்டு, கருப்புப் புள்ளிகளோ கோடுகளோ தெரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அப்போது மேலிருந்து நேராக உற்றுப் பார்க்கக் கூடாது, அது புற ஊதா ஒளி. ஃபிலிமில் கீறல் இருந்தால் விலையில் சில நூறு குறைக்கச் சொல்லலாம். திரையில் கோளாறு இருந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

மகள் தவழத் தொடங்கியதும் எங்கள் பிரிண்டர் பரணுக்குப் போயிற்று. கையுறை, கழுவும் டப்பா எல்லாவற்றையும் அவளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கும் அளவுக்கு இந்த வீடு பெரிதில்லை. அதற்குமுன் இரண்டு ஃப்ராஸ்ட்கிரேவ் அணிகளுக்கும் கொஞ்சம் இடிபாட்டுக்கும் அச்சிட்டு வைத்துக்கொண்டேன். இப்போது செலவு, தூரிகை ஒன்றும் எப்போதாவது ஒரு வண்ணக் குப்பியும்தான். நீங்களும் இப்படி நீண்டநாள் நிறுத்தி வைப்பதாக இருந்தால், தட்டிலுள்ள ரெசினை வடிகட்டிப் பாட்டிலில் திருப்பி ஊற்றி, ஃபிலிமை மெல்லிய துணியால் துடைத்து, கருப்புத் துணி சுற்றி வையுங்கள். பாட்டிலை இருட்டில் வையுங்கள். திரும்ப எடுக்கும்போது நன்றாகக் குலுக்கி, ஒரு சிறு கல்லறைத் தூணை அச்சிட்டுப் பாருங்கள். அது ஒழுங்காக வந்தால் மற்றதைத் தொடங்கலாம்.