பட்டியலில் விடுபட்ட 293,318,625,600

மலேசியாவிலுள்ள கெலுகோரின் அஞ்சல் குறியீடாகிய 11700, இரண்டு, மூன்று, ஐந்து ஆகியவற்றின் வர்க்கங்களையும் 13ஐயும் பெருக்கிவரும் எண்ணாதலால், அதை மீதியின்றி வகுக்கும் எண்கள், அதாவது வகுத்திகள், 54 உள்ளன. அங்கேயே அமைந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் 11800க்கோ 24தான். ஆயினும் உயர் பகு எண்ணுக்குக் கணிதமேதை இராமானுஜன் வகுத்த இலக்கணத்தில் 11700 தேறாது. தன்னிலும் சிறிய எந்த எண்ணைக்காட்டிலும் மிகுதியான வகுத்திகளை உடையதே உயர் பகு எண். 7560க்கே 64 வகுத்திகள் இருக்கின்றன. மேலும், அத்தகைய எண்ணில் பகா எண்கள் இரண்டில் தொடங்கி இடைவெளியின்றி வரவேண்டும், அவற்றின் அடுக்குகள் போகப்போக ஏறக்கூடாது, 4, 36 ஆகிய இரண்டு நீங்கலாக இறுதி அடுக்கு ஒன்றாகவே இருக்கவேண்டும் என்று 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் அவர் நிறுவியிருக்க, 11700 ஏழையும் பதினொன்றையும் விட்டுவிட்டுப் பதின்மூன்றுக்குத் தாவிவிடுகிறது.

அந்த இதழில் வந்த அவரது கட்டுரையிலுள்ள உயர் பகு எண்களின் பட்டியலில் 102 எண்கள் உள்ளன. 293,318,625,600 மட்டும் விடுபட்டுப் போயிற்று. எண்களின் ரசிகர்கள் நின்று பார்க்கவேண்டியது இந்த எண்ணைத்தான். 2 முதல் 19 வரையுள்ள எட்டுப் பகா எண்களும் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்ற அடுக்குகளோடு அதில் இறங்குவரிசையில் அமைய, ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் தொகை 5040 என்று கிடைக்கிறது. அந்த 5040உம் ஓர் உயர் பகு எண்ணே. விடுபட்ட எண்ணை அடுத்த பகா எண்ணாகிய 23ஆல் பெருக்கினால் வருவது 6,746,328,388,800. அதுவோ 10080 வகுத்திகளுடன் பட்டியலின் கடைசியில் இடம்பெற்றிருக்கிறது. பெருக்கம் இருக்க, பெருக்கப்பட்டது மட்டும் காணாமற்போன இந்த விந்தைக்கு ஈடான சுவை, எல்லாரும் கொண்டாடும் 1729இல் உண்டா என்பது ஐயமே. இரண்டு நேர்ம கனங்களின் கூட்டுத்தொகையாக இருவகையில் எழுதத்தக்க எண்களில் மிகச் சிறியது என்ற பெருமை அதற்கு உண்டென்றாலும், வகுத்திகள் எட்டே. அதன் புகழில் பாதி, அந்த எண்ணைத் தாங்கி, இராமானுஜன் இருந்த மருத்துவமனைக்கு வந்த வாடகை வண்டியின் கதைக்கு உரியது.

பகா எண்களின் பருமனில் மயங்குவோரின் ரசனை வேறு. 2024இல் கண்டறியப்பட்ட, நான்கு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட பகா எண் கணினியின் வெற்றியென்பதில் மறுப்பில்லை. ஆனால் அதன் உள்ளமைப்பைக் கண்ணால் படித்துச் சுவைக்க எதுவுமில்லை. எண்சுவடியை உருப்போட்ட தலைமுறைக்கு 5184ஐக் கண்டதும் 64ஐ 81ஆல் பெருக்கியது என்று படும். இன்றோ அந்த வேலையும் கணிப்பானுக்கே போய்விட்டதால், எண்ணைப் பிரித்துப் பார்க்கும் ஆசை வகுப்பறையிலேயே வாடிவிடுகிறது. அந்த ஆசையின் உச்சமான இராமானுஜனின் கட்டுரையிலும், கணிதச் சங்கத்தின் பண நெருக்கடியால் 1915இல் அச்சேறாது நின்ற எஞ்சிய பகுதி, நிக்கோலா, ரோபான் என்னும் பிரெஞ்சுக் கணிதவியலாளர் இருவரின் குறிப்புகளோடு 1997இல்தான் ஆய்விதழில் வெளிவந்தது.