யாருக்கு மிச்சம்?

'இ.மடு 35.10' என்று மாரிகாலத்தில் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது என்று வைப்போம். 35 அடி 10 அங்குலம் என்று ஒருவர் வாசிப்பார். தசமக் கணக்கில் 35.1 அடி என்று மற்றவர். இரண்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட 9 அங்குலத் தண்ணீர். 36 அடி கொள்ளும் இரணைமடுக் குளத்தில் அது சின்ன விடயமல்ல. 2018 டிசெம்பரில் கடும் மழையும் திறந்த வான்கதவுகளுமாகக் கிளிநொச்சியில் வீடுகளுக்குள் வெள்ளம் ஏறியதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதற்காகச் சுருக்கங்களையே பழிக்க எனக்கு மனமில்லை. வன்னியின் அலுவலக வாழ்க்கை அவற்றில்தான் ஓடுகிறது. பாடசாலைப் பெயருக்கு முன் 'கிளி/', 'மு/', 'வ/' என்று இருந்தால் மாவட்டம் தெரிந்துவிடும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தை யாரும் முழுப்பெயரில் சொல்வதில்லை, 'எல்.டி.ஓ. பெர்மிட்' என்றால் எழுத்தறியாத ஆச்சிக்கும் விளங்கும். காணிப் பத்திரத்தில் 2-1-20 என்றிருந்தால் 2 ஏக்கர், 1 றூட், 20 பேர்ச். வரிசை மாறாது, படிவத்தின் தலைப்பிலேயே அலகு அச்சாகியிருக்கும், மேசைக்கு இரண்டு பக்கத்திலும் இருப்பவர்களுக்கு அது பழகியது. வவுனியா தெற்கில் சிங்களம் பேசும் அலுவலரும் தமிழ் பேசும் அலுவலரும் 'ஜீ.என்.' (கிராம அலுவலர்), 'டி.எஸ்.' (பிரதேச செயலாளர்) என்று ஒரே சொல்லில் சந்திக்கிறார்கள். இது சுருக்கம் செய்யும் நல்ல வேலை. முழுச்சொல்லால்கூட முடியாத வேலை.

கைத்தொலைபேசிச் சுருக்கத்துக்கு இப்படி ஒரு பொது உடன்பாடு கிடையாது. அவசரத்தில் ஒருவர் உண்டாக்குவது, அடுத்தவர் ஊகிப்பது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, உயிரெழுத்துகளையும் விட்டுவிட்டால் நாள், நாளை, நாலு மூன்றும் 'என், எல்' என்ற ஒரே இரண்டெழுத்தாகிவிடும். கூட்டம் நாளைக்கா, நாலு மணிக்கா? பக்கத்து மேசைக்காரர் என்றால் எட்டிக் கேட்கலாம். துணுக்காயிலிருந்து முல்லைத்தீவு மாவட்டச் செயலகத்துக்கு பஸ் ஏறுகிறவரால் கேட்க முடியாது. அனுப்பியவருக்கு மூன்று நான்கு எழுத்து மிச்சம். வந்தவருக்கு ஒரு நாள் கூலி நட்டம். சுருக்கத்தை எடைபோட எனக்கு வேறு தராசு தேவைப்படவில்லை: மிச்சம் யாருக்கு, செலவு யாருக்கு?

சுருக்கி எழுதுவது மரியாதைக் குறைவு என்ற குற்றச்சாட்டை நான் பெரிதாக எடுக்கவில்லை. 'ஐயா', 'சேர்' இல்லாமலும் பணிவாக எழுதலாம். என்னை உறுத்துவது 'ஓகே' என்ற பதில். கண்டேன் என்பதா, சம்மதம் என்பதா, செய்து முடித்தேன் என்பதா? கோப்பில் 'அனுமதிக்கிறேன்' என்று எழுதிக் கையொப்பமிடுகிறவர் பொறுப்பேற்கிறார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டம் மின்னஞ்சலையும் கணினிப் பதிவையும் தகவலாகவே கொள்கிறது. ஆனால் கேட்டுப் பெற்ற பதிவில் 'ஓகே' மட்டும் இருந்தால் கேட்டவருக்கு என்ன கிடைத்தது?

2009இல் போரால் இடம்பெயர்ந்தபோது காணி உறுதியையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் தொலைத்தவர்கள் இங்கே ஏராளம். தங்கள் பெயரையும் காணியையும் மறுபடி நிறுவ, எங்கோ ஒரு பதிவேட்டில் யாரோ ஒரு எழுதுவினைஞர் முழுதாக எழுதிவைத்த ஒரு வரியைத் தேடித்தான் அவர்கள் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார்கள்.