பாட்டிக்காகப் பேரனுக்கு ஊசி

முதியோரை ஃப்ளூ ஜுரத்திலிருந்து காப்பாற்ற வேண்டுமானால் முதியோருக்கே ஊசி போடுவதுதானே முறை என்று எவருக்கும் தோன்றும். ஆனால் வயது ஏற ஏற உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் தளர்ந்துபோவதால், எவருக்குத் தடுப்பூசி மிகவும் அவசியமோ அவருடைய உடம்பிலேதான் அது மிகவும் மந்தமாக வேலை செய்கிறது என்னும் சங்கடம் இந்த மருந்தோடு கூடவே பிறந்திருக்கிறது. இதற்குப் பரிகாரமாக வைத்திய உலகம் கண்ட மார்க்கங்கள் முக்கியமாக இரண்டு. மருந்தின் வீரியத்தைக் கூட்டிக் கிழவர் தோளிலேயே செலுத்துவது ஒன்று. கிருமியை வீட்டுக்குள் கொண்டுவருகிறவனை வாசலிலேயே மறிப்பது மற்றொன்று. இரண்டாவது மார்க்கத்தைத் தேசம் முழுவதும் முப்பது வருஷங்களுக்கு மேல் கைக்கொண்டு, பிறகு தானாகவே கைவிட்ட நாடு ஜப்பான்.

1957-ஆம் ஆண்டின் ஆசிய ஃப்ளூ அந்த நாட்டில் பள்ளிக்கூடங்களின் வழியாகவே ஊரெங்கும் பரவியதைக் கண்டவர்கள், பிள்ளைகளைத் தடுத்தால் ஊரைத் தடுக்கலாம் என்ற அனுமானத்தில் 1962-இல் பள்ளிச் சிறாருக்குத் தடுப்பூசி இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1976-இல் அது சட்டபூர்வமான கட்டாயமும் ஆயிற்று. துறைமுகத்தில் கல்லைக் கொட்டி அலையை மறிக்கும் சுவர் கட்டுகிறார்களே, அந்தச் சுவரின் பெயரையே இந்தச் சித்தாந்தத்துக்கும் ஜப்பானியர்கள் வைத்தார்கள்: பள்ளிப்பிள்ளைகள் அலைதடுப்புச் சுவர். பெயர் பொருத்தமானதுதான், சுவருக்கு அலை வலிக்குமா என்று எவரும் கேட்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் பொருத்தமானது.

குளிர்காலம் பிறப்பதற்கு முன் சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு வரிசையில் நின்று, முன்னால் நிற்பவன் முகம் சுளிப்பதைப் பார்த்துத் தானும் சுளித்து, பருவத்துக்கு இரண்டு முறை ஊசி வாங்கிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பிய பிள்ளை, சாயங்காலம் வீட்டில் அடியில் கணப்பு வைத்துப் போர்வை போர்த்திய தாழ்ந்த மேஜைக்குள் பாட்டியின் காலோடு தன் காலையும் நீட்டிக்கொண்டு ஆரஞ்சுப் பழம் உரித்துத் தின்னும். அந்தப் போர்வைக்கு உள்ளேதான் இந்தத் திட்டத்தின் நியாயம் முழுவதும் அடங்கியிருந்தது. பேரன் இருமாவிட்டால் பாட்டி பிழைப்பாள். மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த தேசத்தில் இது வெறும் கற்பனை அல்ல.

இடறல் ஓர் ஊரில் நேர்ந்தது. குன்மா மாகாணத்து மாயெபாஷி நகரில் 1979-இல் ஊசி போட்டுக்கொண்ட ஒரு குழந்தைக்கு வலிப்புக் கண்டதும், அவ்வூர் வைத்திய சங்கத்தார் பள்ளி ஊசியை நிறுத்திவிட்டு, நிறுத்தியதோடு சும்மா இராமல், ஊசி தொடர்ந்த அயல் நகரங்களோடு தங்கள் நகரத்துப் பிள்ளைகளைப் பல வருஷங்கள் ஒப்பிட்டுப் பார்த்து, இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று 1987-இல் அறிக்கை வெளியிட்டார்கள். அரசாங்கத்தின் கட்டளையை எதிர்த்து நின்ற அவர்களுடைய தைரியமும், தாங்கள் செய்ததைத் தாங்களே பரீட்சித்துப் பார்த்த நேர்மையும் போற்றத்தக்கவை. ஆனால் அவர்கள் கையில் எடுத்த அளவுகோல்தான் கோணல். ஜுரத்தையும் பள்ளிக்கு வராத நாட்களையும் எண்ணினார்கள். பிள்ளைக்கு ஜுரம் வர ஃப்ளூ ஒன்றுதானா காரணம்? வேறு பத்துக் கிருமிகளால் வந்த ஜுரமும் அதே கணக்கில் ஏறும்போது தடுப்பூசியின் பலன் மங்கித் தெரிவது இயல்பே. அதைக் காட்டிலும் பெரிய பிழை, சுவரைக் கட்டியது கரையைக் காக்க என்று சொல்லிவிட்டுச் சுவர் நனைந்ததா என்று மட்டும் பார்த்ததுதான். பள்ளி வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்கள்; மயானக் கணக்கை எவரும் புரட்டவில்லை.

அதே 1987-இல் பெற்றோர் மறுக்கலாம் என்று சட்டம் தளர்ந்தது. பலவகைத் தடுப்பூசிகளால் ஊறு நேர்ந்த குழந்தைகளின் வழக்கில் 1992-இல் தோக்கியோ உயர் நீதிமன்றம் அரசாங்கத்தைப் பொறுப்பாளியாக்கியது. 1994-இல் பள்ளிப்பிள்ளைகளின் ஃப்ளூ ஊசி சட்டத்திலிருந்தே நீங்கியது.

மயானக் கணக்கைப் பிறகு புரட்டியவர்கள் தாமஸ் ரெய்ச்சர்ட், நோரியோ சுகாயா முதலியோர். குளிர்காலங்களில் வழக்கத்துக்கு மேல் நேர்ந்த மரணங்களை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அரை நூற்றாண்டுக்கு எண்ணி, அமெரிக்காவைப்போல் மூன்று நான்கு மடங்காக இருந்த ஜப்பானின் விகிதம் பள்ளி ஊசி தொடங்கியபின் அமெரிக்க அளவுக்கு இறங்கியது என்றும், ஊசி நின்றபின் மறுபடி ஏறியது என்றும் 2001-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் காட்டினார்கள். வருஷத்துக்கு 37,000 முதல் 49,000 வரை உயிர்கள், அதாவது ஏறக்குறைய 420 பிள்ளைகளுக்கு ஊசி போட்டால் ஓர் உயிர், காப்பாற்றப்பட்டன என்பது அவர்கள் கணக்கு.

இந்தக் கணக்கைப் படித்தவுடன் மெய்சிலிர்க்கிறது. இரண்டாம் முறை படிக்கும்போது சந்தேகமும் எழுகிறது. யுத்தத்தில் நொறுங்கிக் கிடந்த ஜப்பான் அந்தக் காலத்தில்தானே நல்ல ஆகாரமும் நல்ல வீடும் நல்ல வைத்தியமும் கண்டு நிமிர்ந்தது? குளிர்கால மரணம் குறைந்த புகழ் அனைத்தையும் ஊசி முனைக்கே சூட்டிவிடலாமா? 1978-க்குப் பிந்திய 28 குளிர்காலங்களை மட்டும் எடுத்து, இன்னும் நுணுக்கமான முறையில் கணித்த வேறோர் ஆராய்ச்சி 2011-இல் சொன்னது, 65 வயது கடந்தவர்களில் ஃப்ளூ மரணம் 36 சதவீதம் குறைந்திருந்தது, அதாவது வருஷத்துக்குச் சுமார் ஆயிரம் உயிர்கள் என்பது. காலமும் முறையும் வேறானாலும், நாற்பதாயிரம் எங்கே, ஆயிரம் எங்கே! திசை ஒன்று, தூரம்தான் வேறு என்று ஆதரவாளர்கள் சமாதானம் சொல்லலாம். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கனடாவில் ஹட்டரைட் என்னும் கிறிஸ்தவ சமயத்தாரின் தனித்தனிக் குடியிருப்புகளில் சிலவற்றின் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசியும் மற்றவற்றின் பிள்ளைகளுக்கு வேறொரு ஊசியும் போட்டுப் பார்த்ததில், ஃப்ளூ ஊசி போட்ட குடியிருப்புகளில் ஊசியே போடாத மற்றவர்களுக்கும் 61 சதவீதப் பாதுகாப்புக் கிட்டியதென்று 2010-இல் வெளிவந்த ஆராய்ச்சி இந்தத் தத்துவத்துக்கு உறுதியான சாட்சி. ஆனால் திசையைக் காட்டும் கணக்கைத் தூரத்துக்கும் பிரமாணமாகக் காட்டுவது பிரசாரமே ஒழிய விஞ்ஞானம் அல்ல.

தத்துவம் மெய்யென்றே வைத்துக்கொண்டாலும், நிறைவேற்றிய விதத்தில் மன்னிக்க முடியாத குறை ஒன்று உண்டு. பயன் ஒருவருக்கு, வலி இன்னொருவருக்கு என்னும்போது வலிப்படுகிறவனின் சம்மதம் வேண்டாமா? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். வரிசையில் நிறுத்தினால் மறுக்கத் தெரியாத பிள்ளையைவிட இளைத்தவன் யார்? அக்காலத்தில் ஜப்பானில் நடந்த பொதுத் தடுப்பூசிகளில் ஒரே பீச்சுக்குழலைப் பலருக்கும் பயன்படுத்தியதால் ஹெபடைடிஸ்-பி கிருமி குழந்தைகளுக்குத் தொற்றிய பழியையும், அதற்கு அரசாங்கமே பொறுப்பென்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொல்ல நேர்ந்ததையும் நினைத்தால், நிர்ப்பந்தம் எங்கே குடியேறுகிறதோ அங்கே அஜாக்கிரதையும் கூடவே குடியேறிவிடுகிறது என்றுதான் எண்ணத் தோன்றுகிறது.

முதியோருக்கே ஊசி போடும் முதல் மார்க்கமும் குறையற்றதன்று. அமெரிக்காவில் ஊசி போட்டுக்கொண்ட முதியோர் தொகை 1980-க்கு முன் 15 சதவீத அளவில் இருந்து 2001-இல் 65 சதவீதமாகப் பெருகியும், குளிர்கால மரணம் அதற்கேற்பக் குறையவில்லை என்று ஆராய்ச்சியாளர் லோனே சைமன்சன் 2005-இல் எடுத்துக்காட்டியபோது வைத்திய உலகம் சற்று வாயடைத்துப் போயிற்று. ஊசி போட்டுக்கொள்ள நடந்து வரக்கூடிய கிழவர் இயல்பிலேயே திடமானவர். படுக்கையில் கிடப்பவர் வருவதில்லை. ஆகையால் பழைய ஆராய்ச்சிகளில் திடத்தின் புகழும் ஊசிக்கே சேர்ந்துவிட்டது. பிறகு நான்கு மடங்கு மருந்து அடங்கிய ஊசி வந்தது. 2014-இல் அச்சான பரீட்சையில் சாதாரண ஊசியைவிட அது ஃப்ளூவை 24 சதவீதம் அதிகமாகத் தடுத்தது. ஆனால் டென்மார்க்கில் 3,30,000-க்கு மேற்பட்ட முதியோரைக் கொண்டு நடத்தி 2025-இல் வெளியான பரீட்சையிலோ, ஃப்ளூவாலும் நிமோனியாவாலும் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் தொகை நம்பத்தக்க அளவுக்குக் குறையவில்லை. இதனால் முதியோர் ஊசி வீண் என்று எவரேனும் வாதித்தால் அது விதண்டாவாதம். அரைகுறைக் குடையும் மழையில் குடைதான். அதைக் கூரை என்று விற்றதுதான் பிழை.

என் தீர்ப்பைக் கேட்டால், முதியவர் தம் ஊசியைத் தாமே போட்டுக்கொள்ள வேண்டும். பேரனுக்கும் போடலாம், ஆனால் அவனைப் பெற்றவர்களிடம், இது அவனுக்கும் ஓரளவு பயன்படும், பாட்டிக்கு அதைவிட அதிகமாகப் பயன்படலாம் என்று மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். பாட்டிக்காகக் கையை நீட்டு என்றால் நீட்டாத பேரன் அபூர்வம். ஜப்பானியச் சர்க்கார் கட்டளையிட்டதே ஒழிய, அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்க்கவில்லை.

1990-களின் கடைசிக் குளிர்காலங்களில் முதியோர் இல்லங்களில் ஃப்ளூவால் மரணங்கள் மிகுந்தபின், 2001-இல் ஜப்பான் சட்டத்தை மறுபடி திருத்தி 65 வயது கடந்தவர்களுக்குச் சலுகையில் ஊசி கிடைக்க வழி செய்தது. பள்ளிப்பிள்ளைகள் அந்தச் சட்டத்துக்குள் திரும்பி வரவில்லை. இன்றும் அங்கே பேரனின் ஊசி பெரும்பாலும் பெற்றோரின் விருப்பத்துக்கும் கைக்காசுக்கும் விடப்பட்டிருக்கிறது.