அப்துல்லாவின் சாட்சியம்

ஏர்னஸ்ட் ஹெமிங்வேயின் 'பிரான்சிஸ் மெக்கொம்பரின் குறுகிய இன்ப வாழ்வு' என்ற சிறுகதை 1936 செப்டெம்பரில் 'கொஸ்மோபொலிட்டன்' சஞ்சிகையில் வெளிவந்தது. அன்றிலிருந்து விமர்சகர்கள் திரும்பத் திரும்பக் கேட்டுவரும் கேள்வி ஒன்றுதான்: மெக்கொம்பரின் மனைவி வேண்டுமென்றே அவனைச் சுட்டாளா, இல்லை குறி தவறியதா? எனது அக்கறை அதுவல்ல. கதையின் முடிவில் மெக்கொம்பர் பிணமாகக் கிடக்கிறான். வழிகாட்டியான வெள்ளைக்கார வேட்டைக்காரன் வில்சன், துவக்குச் சுமப்பவனை ஏவி, அப்துல்லாவை அழைத்து வரச் சொல்கிறான். விபத்து நடந்த விதத்துக்கு அப்துல்லா சாட்சியாக இருக்க வேண்டுமாம். அப்துல்லா என்ன கண்டான்? கதை அதைச் சொல்லாமலே முடிந்துவிடுகிறது. சாட்சிக்கு அழைக்கப்பட்டவனின் வாயைத் திறக்கவிடாத இந்த மௌனத்திலிருந்தே ஆபிரிக்க 'சஃபாரி' எழுத்தை வாசிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

சஃபாரி என்ற சொல் நமக்கு அந்நியமானதல்ல. அரபியில் ஸபர், அதுவே கிழக்காபிரிக்கக் கரையின் சுவாஹிலியில் பயணத்தைக் குறிக்கும் சஃபாரி ஆனது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் அதனை எடுத்துக்கொண்டு வேட்டைக்குச் சூட்டியது. நம் வீடுகளில் ஸபர் போகிறவர் முஸாபிர். அவருக்குத் தொழுகையைச் சுருக்கும் சலுகை உண்டு, நோன்பைப் பிற்போடும் அனுமதி உண்டு. ஏனென்றால் பயணி பலவீனமானவர். பிறர் தயவில் நடப்பவர். 1331இல் கில்வாவுக்கும் 1344இல் இலங்கைக்கும் வந்த இப்னு பதூதாவும் அப்படித்தான் நடந்தார். பாவா ஆதம் மலைக்கு ஏறியபோது ஆரியச் சக்கரவர்த்தி கொடுத்தனுப்பிய வழிகாட்டிகளையும் சுமைகாரர்களையும் நம்பியே அவர் போனார். ஆங்கிலத்துக்குப் போன சஃபாரியிலோ பயணி எஜமானாகிவிட்டான். சொல் ஒன்றுதான், அதற்குள் இருந்த மனிதன் மாறிவிட்டான்.

ஹெமிங்வேயின் கதை இந்த மாற்றத்தை அறியாமல் எழுதப்பட்டதென்று சொல்லமுடியாது. வாகனத்துக்கும் கால்நடைக்கும் இடையிலான வேறுபாட்டிலேயே கதையின் அறம் முழுவதும் தங்கியிருக்கிறது. காயப்பட்ட சிங்கத்தைத் தேடி உயர்ந்த புல்லுக்குள் நடந்து போகும்போது மெக்கொம்பர் பயந்து ஓடுகிறான். மறுநாள் எருமைகளைக் காரில் துரத்துகிறார்கள். அது சட்டவிரோதம், நைரோபியில் தெரியவந்தால் தனது அனுமதிப்பத்திரம் பறிபோகும் என்று வில்சனே ஒத்துக்கொள்கிறான். மெக்கொம்பரைக் கொன்ற குண்டும் காருக்குள் இருந்துதான் வருகிறது. நிலத்தில் கால் பதித்தவன் விலங்குக்குப் பதில் சொல்லவேண்டும். வாகனத்தில் இருப்பவன் யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை. இதனை இவ்வளவு துல்லியமாகக் கண்ட கலைஞன் ஹெமிங்வே.

ஆனால் அந்தப் புல்லுக்குள் துவக்குச் சுமப்பவர்களும் போகிறார்கள். அவர்கள் அதற்கு ஒப்புக்கொண்டு வந்தவர்கள் என்று வில்சன் ஒரு வசனத்தில் கடந்துபோகிறான். மெக்கொம்பரின் பயம் பக்கம் பக்கமாக விரிகிறது. அவர்களுடைய பயத்துக்கு ஒரு வாக்கியமே கிடைக்கிறது. வேலையாட்களுக்கு அபராதத்துக்குப் பதிலாகக் கசையடி கொடுப்பதும் சட்டவிரோதம்தான். எனினும் காரில் துரத்தியது கதையில் ஓர் அறச்சிக்கலாக வளர்கிறது, கசையடியோ மதிய உணவு நேரத்துப் பேச்சோடு முடிகிறது. சிங்க வேட்டைக்குப் பின் சமையற்காரரும் சுமைகாரரும் மெக்கொம்பரைத் தோளில் தூக்கி வரும்போது துவக்குச் சுமப்பவர்கள் மட்டும் அந்த ஊர்வலத்தில் சேரவில்லை. உண்மையில் கதையின் முதல் தீர்ப்பு அவர்களுடையதுதான். ஆசிரியர் அத்தீர்ப்பை வாங்கிக்கொள்கிறார், தீர்ப்பளித்தவர்களைப் பேசவிடவில்லை. 1935இல் வந்த 'ஆபிரிக்காவின் பசுங்குன்றுகள்' நூலில் மகோலா என்ற துவக்குச் சுமப்பவர் இதைவிட முழுமையான மனிதராக வருகிறார் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் தடம் பார்ப்பவர்களுக்கு அங்கேயும் பட்டப்பெயர்கள்தான்.

கென்யா 1977இல் வேட்டையைத் தடைசெய்தது. துவக்கின் இடத்துக்குக் கமெரா வந்தது. ஆனால் பார்வை மாறிற்றா? மசாய் மாராவில் கூரை திறந்த வாகனங்கள் ஒரு சிறுத்தையைச் சுற்றி வளைத்து நிற்கின்றன. சாரதிகள் வானொலியில் ஒருவருக்கொருவர் செய்தி சொல்கிறார்கள். வாகனத்தையும் அதில் இருப்பவர்களையும் விலங்கு ஒரே உருவமாகக் காண்பதால்தான் கிட்டப்போக முடிகிறது. அதனால் எழுந்து நிற்கவேண்டாமென்று சாரதி எச்சரிக்கிறார். பார்ப்பவர் பார்க்கப்படாமல் இருக்கும் ஏற்பாடு இது.

நடைச் சஃபாரி இதற்கு மறுபக்கம். இன்றைய சாம்பியாவின் லுவாங்வா பள்ளத்தாக்கில் 1950இல் நோர்மன் கார், செஃபு பகுதித் தலைவரோடு சேர்ந்து உல்லாசப் பயணிகளுக்கான முகாமொன்றை அமைத்தார். அதன் வருமானம் ஊர் மக்களுக்குப் போனது. பிற்பாடு நடைச் சஃபாரியும் அந்தப் பள்ளத்தாக்கிலேயே வேர்விட்டது. ஆயுதம் தாங்கிய காவலர் முன்னே, அவரை அடுத்து வழிகாட்டி, பின்னால் பயணிகள் ஒற்றை வரிசையில். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்தே அடி வைக்கவேண்டும். சாணத்தின் ஈரத்தில் யானை போன நேரம் தெரியும். எது வந்தாலும் ஓடக்கூடாது. இங்கே பயணி எழுத்தறிவில்லாதவர். வழிகாட்டியே வாசிக்கத் தெரிந்தவர். முஸாபிரின் பழைய பலவீனம் இங்கு ஓரளவுக்குத் திரும்பக் கிடைக்கிறது. ஆயினும் திரும்பிப்போய் எழுதுகிறவர் யார்? மண்ணை வாசித்தவரின் பெயர் இன்றும் நன்றியுரையோடு நின்றுவிடுகிறது.

நிலமே கைமாறிய கதை வேறு. 1959இல் செரெங்கெட்டியிலிருந்து மசாய் மக்கள் வெளியேற்றப்பட்டு ங்கொரொங்கோரோவுக்கு அனுப்பப்பட்டார்கள். 2022 ஜூனில் லொலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீற்றருக்கு எல்லைக்கல் நாட்டப்பட்டபோது மீண்டும் மோதல் வெடித்தது. மனிதரில்லாத வெளி என்று சஃபாரி எழுத்து வியக்கும் காட்சி, மனிதரை அகற்றி உண்டாக்கப்பட்டது.

அப்துல்லாவின் பக்கத்திலிருந்து எழுதியவர் உண்டா? சான்சிபாரில் பிறந்து 2021இல் நோபல் பரிசு பெற்ற அப்துல் ரஸாக் குர்னாவின் 'சொர்க்கம்' (1994) நாவலை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். தந்தையின் கடனுக்காக வியாபாரி அஸீஸிடம் விடப்பட்ட யூசுப் என்ற சிறுவன், அவருடைய வணிகக் கூட்டத்தோடு உள்நாட்டுக்கு நடக்கிறான். சூறா யூசுபை அறிந்தவர்களுக்கு இதன் ஆழம் சட்டெனப் புரியும். இதுதான் சுவாஹிலிக்காரனின் சஃபாரி. ஆனால் குர்னா நம்மைத் தட்டிக்கொடுக்கவில்லை. அஸீஸ் தொழுகையாளி, நயமாகப் பேசுபவர். அவர்தான் பிள்ளைகளை அடைமானம் பிடிக்கிறார். யானைத் தந்தமும் அடிமைகளும் கொண்டுவந்த திப்பு திப் போன்றவர்களின் பாதையும் சஃபாரிதான், அவர்களும் கலிமாச் சொன்னவர்கள்தான். ஐரோப்பியரின் சஃபாரியை விமர்சிக்கும் நம் எழுத்தாளர்கள் இந்த இடத்தில் மௌனமாகிவிடுவது நேர்மையல்ல. வில்சனுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் அப்துல்லா, அஸீஸுக்கு எதிராகவும் சொல்லவேண்டும். உறவினருக்கு எதிராயினும் சாட்சியத்தில் நீதி தவறாதிருக்கப் பணிக்கப்பட்டவர்கள் நாம்.