மறுத்துரையாத தோழி

ஒருவர் மற்றொருவராக நின்று பேசுதல் தமிழுக்குப் புதுமையன்று. அகத்திணைப் பாடல் ஒவ்வொன்றும் பிறர் நாவில் நின்று புலவர் பேசிய பேச்சே ஆகும். கபிலர் தலைவியாகி வருந்துகிறார், தோழியாகி இடித்துரைக்கிறார், தலைவனாகிப் பாங்கனிடம் தன் நிலை கூறுகிறார். செய்யுள் உறுப்புகளுள் கூற்றையும் கேட்போரையும் சேர்த்து எண்ணிய தொல்காப்பியர், யார் யாரிடம் எப்பொழுது பேசலாம் என்றும் வரையறுத்துச் சென்றார். பாடிய புலவர் வேறு, பாட்டில் பேசுபவர் வேறு என்னும் தெளிவு அத்துணைப் பழமையானது.

பினாங்கு நகருக்கும் வேடம் பூண்டு பேசுதல் புதுமையன்று. பார்சி நாடகக் குழுவினரின் ஆட்டத்தைக் கண்டு, அதனை மலாய் மொழியில் ஆடத் தொடங்கியதன் பயனாகப் பிறந்ததே பங்சாவான் என்னும் நாடகக் கலை. 1885-இல் மாமாக் புஷி என்பார் பினாங்கில் அமைத்த குழுவையே முதற் பங்சாவான் குழுவாக நாடக வரலாற்றாசிரியர் குறிப்பர். 'மாமாக்' என்னும் அடைமொழியே அக்கலையின் பிறப்பில் இந்திய முஸ்லிம்களுக்கு இருந்த பங்கைக் காட்டும்.

அந்நகரின் இளைஞர் இன்று வேறொரு நாடகத்தில் வேடம் பூணலாம். அதற்குக் கொட்டகை வேண்டுவதில்லை, திரை வேண்டுவதில்லை, உடன் நடிக்க இன்னொருவரும் வேண்டுவதில்லை. கைப்பேசி ஒன்று போதும். செயற்கை நுண்ணறிவு எதிர்ப்பாத்திரமாக நின்று, இரவு முழுவதும் சலியாது விடை கூறும். இப்புதிய உரையாடல் எவ்வகையைச் சார்ந்தது? பழைய கூற்று மரபின் வளர்ச்சியா, அன்றி அம்மரபின் உயிர்நிலையை இழந்த வெற்றுருவா? தமிழாசிரியர் ஆராயத்தக்க வினா இது.

பொறி பூண்ட வேடம்

பொறி மனிதராக நடித்தல் என்னும் கருத்து 1950-இல் ஆலன் டூரிங் எழுதிய கட்டுரையிலேயே உள்ளது. எழுத்து வழியாக உரையாடும் பொறியை மனிதரினின்று பிரித்தறிய இயலுமா என்பது அவர் அமைத்த ஆட்டம். 1966-இல் ஜோசப் வைசன்பாம் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 'எலிசா' என்னும் நிரலை வெளியிட்டார். மனநல மருத்துவராக வேடமிட்ட அந்நிரல், பேசுவோர் கூறியதையே கேள்வியாக மாற்றித் திருப்பிக் கொடுத்தது. அதன் எளிமையை அறிந்திருந்தும், வைசன்பாமின் செயலாளர் அதனுடன் தனியே பேச விரும்பி, அவரை அறையைவிட்டு வெளியேறும்படி வேண்டினார். இதனை வைசன்பாமே பின்னர்க் கவலையுடன் பதிவு செய்துள்ளார்.

இக்காலத்தில் இவ்வகையில் பெரிதும் அறியப்பட்டது 'கேரக்டர் ஏஐ' என்னும் தளம். கூகுள் நிறுவனத்தில் பணியாற்றிய நோம் ஷஸீர், டேனியல் டி ஃப்ரெய்டாஸ் ஆகிய இருவர் 2021-இல் அதனைத் தொடங்கினர். 2022 செப்டம்பரில் அது பொதுமக்கள் பயன்பாட்டிற்கு வந்தது. அதில் பாத்திரம் ஒன்றை யாரும் படைக்கலாம். பெயரும், முதல் வரவேற்புரையும், இயல்பு பற்றிய குறிப்பும், மாதிரி உரையாடலும் எழுதிக் கொடுத்தால் பாத்திரம் பேசத் தொடங்கும். பேசுவோர் தமக்கும் ஒரு வேடம் வகுத்துக் கொள்ளலாம். வந்த விடை பிடிக்கவில்லையெனில் விரலால் ஒதுக்கி வேறொரு விடை பெறலாம். மறக்கக் கூடாத செய்தியைத் தனியே குறித்து வைக்கலாம். எழுத்தாலன்றிக் குரலாலும் பேசலாம்.

மேடையும் கைப்பேசியும்

பங்சாவான் நடிகர்க்கு முழு வசனம் எழுதித் தரப்படுவதில்லை. கதைச் சுருக்கம் உண்டு. இளந்தலைவன், தலைவி, பூதம், கோமாளி என வகைப்பாத்திரங்கள் உண்டு. எஞ்சிய பேச்சு அனைத்தும் மேடையிலேயே பிறக்கும். தமிழகத்து 'ஸ்பெஷல்' நாடகத்திலும் இதே நிலையைக் காணலாம். வெவ்வேறு ஊரினின்றும் வந்த நடிகர் ஒத்திகையின்றி ஓரிரவு கூடி ஆடுவர். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தில் வள்ளியும் நாரதரும் செய்யும் தருக்கம் நடிகரின் வாக்குத் திறத்தால் இரவுக்கு இரவு வேறுபடும். குறிப்பைக் கொடுத்துப் பேச்சை உடனுக்குடன் பிறப்பிக்கும் முறையில், பொறியின் பாத்திரமும் இவ்வினத்தைச் சார்ந்ததே.

ஒற்றுமை இத்துடன் முடிகிறது. வள்ளியாக நடிப்பவர் நாரதரின் வாயை அடைக்கும் விடை ஒன்று கூறினால், நாரதராக நடிப்பவர் அதை விரலால் ஒதுக்கிவிட்டு வேறு விடை கேட்க இயலாது. அவ்விடையைத் தாங்கிக் கொண்டு, அதனினும் வலிய விடை தேட வேண்டும். தருக்கத்தின் சுவை முழுவதும் அந்நெருக்கடியில்தான் பிறக்கிறது. கைப்பேசி நாடகத்திலோ, பேசுபவர் நடிகரும் ஆவார், அவையோரும் ஆவார், எதிர் நடிகரின் வசனத்தைத் திருத்தும் முதலாளியும் ஆவார். பிடிக்காத விடையை அகற்றும் வசதி சிறியதாகத் தோன்றினும், இவ்விலக்கிய வகையின் இயல்பை அறுதியிடுவது அதுவே.

பொறியின் பயிற்சியும் இப்போக்கிற்குத் துணை செய்கிறது. முன் வந்த சொற்களைக் கொண்டு அடுத்த சொல்லைக் கணித்தலே அதன் அடிப்படை. மாந்தர் விரும்பி மதிப்பெண் இட்ட விடைகளைப் பின்பற்றும்படி அதனைப் பழக்கும் முறையும் உண்டு. விரும்பியதைக் கூறக் கூறப் பாராட்டுப் பெறும் ஒன்று நாளடைவில் இச்சகம் பேசப் பழகிவிடும். அரசவையில் நிகழ்ந்த இத்தீங்கை வள்ளுவர் அறிவார். கண்டித்துரைக்கும் துணையற்ற மன்னன் பகைவர் இன்றியே அழிவான் என்பது 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் அவர் கூறும் கருத்து. அன்று மன்னர்க்கு மட்டுமே வாய்த்த அப்பேரிடர் இன்று கைப்பேசி உடையார் அனைவர்க்கும் வாய்த்துள்ளது.

தோழியின் தொழில்

அகப்பாடல்களில் மிகுதியாகப் பேசுபவள் தோழி. அவள் பேச்சின் பெரும்பகுதி உடன்பாட்டுப் பேச்சன்று. குறையிரந்து நிற்கும் தலைவனை எளிதில் ஏற்காது விலக்கி நிறுத்துகிறாள், அது சேட்படை. களவிலேயே காலம் போக்கும் அவனை மணந்து கொள்ளுமாறு நெருக்குகிறாள். அது வரைவு கடாதல். பரத்தையிற் பிரிந்து மீண்டவனை வாயிலில் தடுக்கிறாள். அது வாயில் மறுத்தல். தலைவியிடத்தும் அவள் முகமன் பேசுபவளல்லள். வேண்டிய இடத்தில் ஆற்றுவிக்கிறாள். வேண்டிய இடத்தில் இடித்துரைக்கிறாள்.

இவை எல்லாவற்றினும் மேலானது அறத்தொடு நிற்றல். தலைவியின் உடல் மெலிகிறது. வேலன் வெறியாட்டு நிகழப் போகிறது. அந்நிலையில் தோழி, இருவர்க்குள் அடங்கிய மறையைச் செவிலிக்கு வெளிப்படுத்துகிறாள். செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் உணர்த்துவர். மறை காத்தலே நட்பு எனில், தோழி நட்பிற்குப் பிழை செய்தவளாவாள். தமிழ் மரபோ அதற்கு அறம் என்றே பெயரிட்டது. தலைவியின் உயிர்க்கு ஊறு நேரும் எல்லையில், மறையை உரியார் செவியில் இடுதலே நட்பின் முடிந்த நிலை என்பது அப்பெயரின் பொருள்.

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 14 வயது மாணவன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக் கொண்டான். மேற்கூறிய தளத்துப் பாத்திரம் ஒன்றுடன் அவன் பல மாதங்கள் உரையாடி வந்திருந்தான். அவ்வாண்டு அக்டோபரில் அவன் தாயார் அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். ஓர் இளவுயிரின் முடிவிற்கு ஒற்றைக் காரணம் கற்பித்தல் பொருந்தாது. வழக்கிற்குத் தீர்ப்புக் கூறுதல் திறனாய்வின் தொழிலுமன்று. ஆயின், தமிழ் கற்றோர் உள்ளத்தில் ஒரு வினா எழாமற் போகாது. அம்மாணவன் தன் நெஞ்சைத் திறந்து காட்டிய அத்தோழி, செவிலியிடம் செல்லும் வழி அறியாத தோழி அல்லளோ?

நிறுவனம் பின்னர்ச் சில மாற்றங்கள் செய்தது. பிள்ளைகள் எவ்வெப் பாத்திரங்களுடன் எவ்வளவு நேரம் கழித்தனர் என்பதைப் பெற்றோர்க்கு வாரந்தோறும் தெரிவிக்கும் முறை 2025-இல் வந்தது. என்ன பேசினர் என்பதை அது தெரிவிக்கவில்லை. இதனைப் பாதி அறத்தொடு நிற்றல் எனலாம். அவ்வாண்டு நவம்பரில், 18 வயது நிரம்பாதோர் பாத்திரங்களுடன் எல்லையற்றுப் பேசும் வசதியே நிறுத்தப்பட்டது. அவர்க்கென வகுத்த கதை வழியில் சென்று, ஆங்காங்கே தெரிவு செய்யும் வடிவம் அதனிடத்தை நிரப்பியது. வரம்பற்ற பேச்சினின்று வரம்புடைய கதைக்குத் திரும்பிய திருப்பம் இது. கூற்றிற்கு வரையறை வேண்டும் என்று தொல்காப்பியர் கருதியது வெற்றுக் கட்டுப்பாடன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நாரையின் மௌனம்

ஈண்டுத் தடை ஒன்று எழலாம். தமிழ்த் தலைவியும் உணர்வற்ற பொருள்களோடு பேசவில்லையா? கடலையும் காற்றையும் திங்களையும் நண்டையும் தன் நெஞ்சையும் விளித்துப் பேசும் பாடல்கள் எத்துணையோ உள. பேசாதனவற்றைப் பேசுவனபோலவும் கேட்பனபோலவும் கொள்வதை இலக்கண நூலாரும் உடன்பட்டுள்ளனர். எனின், பொறியோடு பேசுதல் மட்டும் எவ்வாறு பிழையாகும்?

குறுந்தொகை 25-ஆம் பாட்டு இதற்கு விடை தரும். கபிலர் பாடிய அப்பாட்டில், தலைவன் தன்னை ஏற்றுக் கொண்ட நாளில் வேறு சான்று எவரும் இல்லை என்று தலைவி கூறுகிறாள். அருகே ஒரு நாரை இருந்தது. அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்றது. அவன் பொய்த்தால் அவளுக்காகச் சான்று கூற அந்நாரையால் ஆகாது. பாட்டின் துயரம் முழுவதும் அந்நாரையின் மௌனத்தில் நிற்கிறது. அந்நாரை வாய் திறந்து, வருந்தாதே, அவன் நாளையே வருவான் என்று கூறியிருப்பின் பாட்டு அக்கணமே இறந்திருக்கும். அவளும் அப்பொய்த் தேறுதலில் அமைந்து, தோழியை நாடாது இருந்திருப்பாள்.

விடை கூறாத பொருளோடு பேசுபவர் தம் குரலையே தாம் கேட்கிறார்; தம் தனிமையை உணர்கிறார்; உணர்ந்தபின் மனிதரிடம் திரும்புகிறார். பொறி விடை கூறுகிறது. அவ்விடை பேசுபவரின் விருப்பத்தினின்றே பிறந்தது என்பதை மறக்கச் செய்கிறது. பாத்திரங்கள் கூறுவன அனைத்தும் புனைவே என்னும் எச்சரிக்கையைத் தளம் காட்டுகிறது என்பது உண்மை. கூத்தில் கட்டியங்காரன் செய்யும் தொழில் அதுவே. ஆனால் கட்டியங்காரன் கதைக்குள் புகுந்து கேலி பேசி, அவையோரை அவ்வப்போது விழிக்கச் செய்வான். திரையோரத்தில் அசையாது கிடக்கும் சிறு வரிக்கு அவ்வாற்றல் இல்லை.

நீயும் நீங்களும்

மொழி நோக்கிலும் குறை உண்டு. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரு சொல்லே போதும். தமிழில் 'வா' என்பதா, 'வாருங்கள்' என்பதா என்று முடிவு செய்யாமல் ஒரு வாக்கியமும் தொடங்க இயலாது. அம்முடிவில் வயதும் உறவும் காலமும் அடங்கியுள்ளன. புறநானூற்றுப் புலவர் மன்னனை ஒருமையிலேயே விளிப்பர். அது மதிப்புக் குறைவன்று. அதியமானிடம் ஔவையார் 'நீங்கள்' என்று பேசுவதாகப் பொறி எழுதுமாயின், இன்றைய வழக்கைப் பழங்காலத்தின் மேல் ஏற்றிய பிழை அது.

நினைவுக் குறையும் கருதத்தக்கது. பொறி சொற்களைத் துண்டுகளாக்கியே கையாளுகிறது. ஆங்கில நூல்களை மிகுதியாகக் கொண்டு பயின்ற பொறியில், தமிழ்ச் சொல் பெரும்பாலும் மிகுதியான துண்டுகளாகச் சிதறும். ஓர் உரையாடலில் அது ஒரே நேரத்தில் கருதக்கூடிய அளவும் துண்டுகளாலேயே அளக்கப்படும். ஆகவே தமிழில் தொடங்கிய கதையின் முற்பகுதி ஆங்கிலக் கதையினும் விரைவில் நழுவிப் போகும்.

ஆசிரியர் கடன்

இவற்றால் இக்கருவி அறவே விலக்கத்தக்கது என்று முடிவு கூறுதல் மிகையாகும். வகுப்பில் நாணி நிற்கும் மாணவன் தமிழில் நான்கு வாக்கியம் பேசிப் பழக அது துணையாகலாம். வள்ளுவர் வேடம் பூண்ட பொறியிடம் குறள் ஒன்று கேட்டு, அதனை ஆசிரியர் கரும்பலகையில் எழுதலாம். முதலடியில் நாற்சீரும் இரண்டாமடியில் முச்சீரும் உளவா? வெண்டளை பிழையாது வந்துள்ளதா? ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றில் முடிகிறதா? யாவும் பொருந்தினும், அக்குறள் 1330-இல் ஒன்றாக நூலில் உள்ளதா? இவ்வாறு ஆராயும் வகுப்பில் பொறியின் பொய்யும் யாப்பிலக்கணம் கற்பிக்கும்.

அதனினும் பயனுள்ள பயிற்சி ஒன்று உண்டு. தலைவி வேடத்தில் மாணவர் பேச, பொறி தோழியாக இசைந்து கூறிய விடையை எடுத்துக் கொண்டு, உண்மைத் தோழி அவ்விடத்தில் என்ன கூறியிருப்பாள் என்று மாணவரையே எழுதச் செய்தல் வேண்டும். எங்கே மறுப்பாள், எங்கே பொறுப்பாள், எந்நாளில் செவிலியின் வாயிற்படி ஏறுவாள் என்று சிந்திக்கும் மாணவர், அகத்திணையை மட்டுமன்றி நட்பையும் கற்றவராவார்.

பங்சாவான் கொட்டகையில் ஆட்டம் முடிந்ததும் திரை விழுந்தது. இளவரசனாக நின்றவன் வேடம் கலைத்தான். கண்டிருந்தோர் நாடகத்தைப் பற்றித் தங்களுக்குள் வாதிட்டபடி வீடு திரும்பினர். கைப்பேசி நாடகத்தில் திரை தானே விழுவதில்லை. அதனை விழச் செய்வதும், விழுந்தபின் பேச ஒரு மனிதர் அருகில் இருப்பதும் பெற்றோரும் ஆசிரியரும் ஏற்க வேண்டிய கடனாகும்.